ரெயில் ஜன்னலில் கிடைத்த புதையல்!

திருச்சி எடமலைப்பட்டி புதூரில் ஒரு குடும்பம் ரெயில் பயணம் புறப்பட்டால், பிள்ளைகளுக்குள் முதல் சண்டை ஜன்னல் ஓரத்துக்குத்தான். அந்த ஜன்னல் வழியாகவே ஒருவர் பெரும் புதையலைக் கண்டார்!

அவர் விஷ்ணு ஸ்ரீதர் வாகண்கர். 1919-ல் மத்தியப் பிரதேசத்து நீமச்சில் பிறந்தவர். ஓவியர், எழுத்தாளர், ஆராய்ச்சியாளர்.

1957-ம் ஆண்டு. ரெயிலில் போபால் போய்க்கொண்டிருந்தார். தூரத்தில் மலைமேல் விசித்திரமான பாறைகள்! ஓவியரின் கண் சும்மா இருக்குமா? பிறகு ஆராய்ச்சியாளர்களுடன் தேடிப் போனார்.

பாறைக் குகைகளில் காட்டெருமை, மான், யானை, வேட்டை, நடனம்! கற்காலம் முதல் மனிதர் சிவப்பிலும் வெள்ளையிலும் தீட்டிய படங்கள். அதுதான் பீம்பேட்கா.

பாறையைப் பெயர்த்து வர முடியுமா? பார்த்தபடியே காகிதத்தில் வரைந்தார். நாட்டின் பல மலைகளில் ஏறி இறங்கினார். படங்கள் ஆயிரக்கணக்கில் சேர்ந்தன.

காகிதத்தில் எதற்கு? பாறை ஓவியத்துக்கு வெயிலும் பகை, மழையும் பகை, தொட்டுப் பார்க்கும் கையும் பகை. திருச்சிக்குப் பக்கத்தில் சித்தன்னவாசல் போனவர்களுக்குத் தெரியும். அங்கே எத்தனையோ வண்ணம் அழிந்துவிட்டது. பாறையில் மங்கினாலும், பார்த்து வரைந்த படம் சாட்சி சொல்லும்.

1975-ல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. 1988-ல் மறைந்தார். 2003-ல் பீம்பேட்கா உலகப் பாரம்பரியச் சின்னமாயிற்று.

அவர் வரைந்த தாள்கள் உஜ்ஜயினியில் அவர் பெயரால் அமைந்த ஆய்வு நிலையத்தில் உள்ளன.

உங்கள் வீட்டுப் பரணிலும் தாத்தாவின் பழைய தாள்கள் இருக்கலாம். எடைக்குப் போடுமுன் ஒருமுறை பிரித்துப் பாருங்கள்!