ஸ்ராண்ட்பை ஜெனரேற்றருக்கு உண்மையில் எவ்வளவு முடியும்?

இந்த வார எபிசோடில் நேரம் போதாமல் விட்ட கணக்கு இது. ஸ்காபரோவில் அப்பா அம்மா இருக்கிற வீட்டுக்கு ஒரு ஸ்ராண்ட்பை ஜெனரேற்றர் பூட்ட எவ்வளவு முடியும் என்று கேட்டேன். 22 கிலோவாற் மெஷினுக்கு வந்த விலை, வரியோடு 18,645 டொலர்.

"ஒரு பெட்டிக்கு இவ்வளவோ?" எண்டு அம்மா கேட்டா. பெட்டிக்கு மட்டும் இல்லை. ஜெனரேற்றரும் ட்ரான்ஸ்ஃபர் சுவிட்சும் 9,200. எலெக்ட்ரீஷியன் கூலி 3,400. காஸ் குழாய் வேலை 2,600. அடித்தளம், பெர்மிற், ஓடவிட்டுப் பார்க்கிறது எல்லாம் 1,300. அதுக்கு மேல 13 வீத வரி.

ட்ரான்ஸ்ஃபர் சுவிட்சை விட ஏலாது. கரண்ட் போனதும் அது முதலில் வீட்டை வெளி லைனில் இருந்து பிரிக்கும், பிறகுதான் ஜெனரேற்றரோடு இணைக்கும். பிரிக்காவிட்டால் உங்கள் கரண்ட் திரும்பித் தெருவுக்குப் போய், கம்பி திருத்துகிற ஆளைக் கொல்லலாம். காஸும் சின்ன விஷயம் இல்லை. இந்த அளவு மெஷின் முழுச் சுமையில் மணிக்கு சுமார் 9 கன மீற்றர் இழுக்கும். ஃபேர்னஸும் சேர்ந்து ஓடினால் பழைய குழாயும் மீற்றரும் காணாமல் போகலாம்.

இவ்வளவு செலவு தேவையா? 2013 டிசம்பர் பனிப்புயலில் ரொறன்ரோவில் சுமார் 3 லட்சம் வாடிக்கையாளர்களுக்குக் கரண்ட் போனது. சிலருக்கு கிறிஸ்மஸ் முடிந்த பிறகும் வரவில்லை. காஸ் ஃபேர்னஸ் என்றாலும் அதன் விசிறிக்குக் கரண்ட் வேணும். சம்ப் பம்ப் நின்றால் பேஸ்மென்ற்றில் தண்ணி. எங்கள் பேஸ்மென்ற்றில் ஒரு குடும்பம் வாடகைக்கு இருக்கு.

அப்பா சிரிச்சார். "யாழ்ப்பாணத்தில வருசக்கணக்கா கரண்ட் இல்லாம இருந்தனாங்கள். ரெண்டு நாள் இருக்க ஏலாதோ?" இருக்கலாம் அப்பா. ஆனா அப்ப உங்களுக்கு ஒக்சிசன் மெஷின் இல்லை. அதோடு தந்த சிலிண்டர் சில மணி நேரம்தான் தாங்கும்.

அதனால் கேள்வியை மாற்றினேன். எது எது நிற்கக் கூடாது? ஒக்சிசன் மெஷின் சுமார் 350 வாற், ஃபேர்னஸ் விசிறி 600, சம்ப் பம்ப் 1,000, ஃப்ரிட்ஜ் 200, லைட்டும் வைஃபையும் 150. மொத்தம் 2,300. பம்ப் தொடங்கும்போது ஒரு நொடி பல மடங்கு இழுக்கும். அதைச் சேர்த்தாலும் 10 கிலோவாற் தாராளம். 22 எதுக்கு? ஏசி, ட்ரையர், மின் அடுப்பு எல்லாம் ஒரே நேரத்தில் ஓட.

10 கிலோவாற்றுக்குக் கேட்டேன்: வரியோடு 13,200. மெஷின் பாதியாகக் குறைந்தது, பில் பாதியாகவில்லை. எலெக்ட்ரீஷியன், காஸ், பெர்மிற் செலவு பெரிதாக மாறாது.

கொண்டு திரியக்கூடிய ஜெனரேற்றரும், கையால் மாற்றுகிற சுவிட்சும் என்றால் சுமார் 3,000. உங்களுக்கும் எனக்கும் அது போதும். ஆனால் இரவு இரண்டு மணிக்கு, பனிக்குள், அதை வெளியே இழுத்துப் பெட்ரோல் ஊற்றுவது 68 வயது அம்மா. குளிர் எண்டு கராஜுக்குள்ள வைச்சால், கதவு திறந்திருந்தாலும் கார்பன் மொனொக்சைட் ஆளைக் கொல்லும். நான் இருப்பது ஒட்டாவாவில். கூடுதலாகக் கொடுக்கிற பத்தாயிரம், யாரும் வெளியே போகத் தேவையில்லை என்பதற்கான விலை. நானும் தங்கச்சியும் பாதி பாதி போடுறம்.

நீங்கள் விலை கேட்கும்போது மூன்று விஷயம் எழுத்தில் வாங்குங்கள். காஸ் மீற்றர் மாற்ற வேண்டி வந்தால் அந்தச் செலவு யாருடையது? ஒன்ராறியோவில் மின் வேலைக்கு ஈஎஸ்ஏ பெர்மிற் வேணும், அதை எடுப்பது யார்? ஒயில், ஃபில்டர், பற்றரி மாற்றுவதோடு வருசத்துக்கு சேர்விஸ் எவ்வளவு?

அதுக்கும் முன்னால், எது நிற்கக் கூடாது என்ற லிஸ்டை அப்பா அம்மாவோடு இருந்து எழுதுங்கள். விற்க வருகிறவர் அதைக் கேட்க மாட்டார்.