குத்துச்சண்டையும் நடுவர் தீர்ப்பும்

மற்போரில் தோற்றவன் முதுகிலே மண் ஒட்டும். ஓட்டப் பந்தயத்தில் முந்தியவன் எல்லைக் கோட்டை முதலிற் கடப்பான். கால்பந்தாட்டத்தில் பந்து வலையினுட் புகும். இவற்றில் வென்றவர் யாவர் என்பதைக் காண்போர் தம் கண்ணாலேயே அறிவர். குத்துச்சண்டை அத்தகையதன்று. ஒருவன் வீழ்ந்து, பத்து எண்ணி முடியுமளவும் எழாதொழிவானாயின் ஐயத்திற்கு இடமில்லை. அங்ஙனம் நிகழாவிடின், வெற்றி மேடையருகே அமர்ந்துள்ள மூவர் எழுதும் சிறு தாள்களிலே தங்கிவிடுகின்றது. அத்தாள்களே நெடுங்காலமாகப் பூசல்களுக்கு விளைநிலமாயிருந்து வருகின்றன. அப்பூசல்கள் எழுமாற்றை ஈண்டு ஒருவாறு விளக்கக் கருதுகின்றேன்.

இவ்விளையாட்டு ஆங்கிலேயர் வாயிலாக வந்ததாயினும் தமிழர்க்கு அயலானதன்று. வடசென்னையிற் சார்பட்டா பரம்பரை, இடியப்ப நாயக்கர் பரம்பரை என ஆசிரிய மாணாக்கர் வழியாகத் தொடர்ந்த குழுவினர், சீட்டு வாங்கி வந்த பெருங்கூட்டத்தின் முன்னே பொருதனர். 1980ஆம் ஆண்டில் முகம்மது அலி சென்னைக்குப் போந்து, நேரு விளையாட்டரங்கில் ஜிம்மி எல்லிஸ் என்பாருடன் காட்சிப் போட்டி ஆடியதை இன்றும் சொல்லி மகிழும் முதியோர் உளர். யான் பிறந்த கரியமாணிக்கம் முதலாய புதுவை நாட்டுப்புறத்துச் சிற்றூர்களிலே சிலம்பமே பெருவழக்கு. தொடுமுறைச் சிலம்பத்தில் கழி நுனியில் நிறப்பொடி தடவி ஆடுவதுண்டு. பட்ட இடத்திற் சுவடு பதியும். சுவட்டை எண்ணினால் வழக்குத் தீரும். கையுறையோ சுவடு விடுவதில்லை. இடர் அனைத்திற்கும் முதல் அதுவே எனலாம்.

தொழின்முறைக் குத்துச்சண்டையில் அதிகாரம் இருவகையாகப் பிரிந்து நிற்கின்றது. ரெபரி எனப்படும் நடுவர் மேடையினுள்ளே நின்று, விதி பிறழ்ந்த அடியைக் கண்டிப்பார், வீழ்ந்தவனுக்கு எண்ணுவார், வேண்டுமிடத்துப் போட்டியை நிறுத்துவார். தீர்ப்பாளர் மூவர் மேடையின் மூன்று பக்கங்களில் அமர்ந்து புள்ளியிடுவர். சுற்றில் மேம்பட்டவனுக்குப் பத்து, மற்றவனுக்கு ஒன்பது. ஒருமுறை வீழ்த்தப்பட்டவன் பெரும்பாலும் எட்டே பெறுவான். சமமெனக் கருதினால் இருவர்க்கும் பத்து இடலாம். தெளிவாகப் பட்ட குத்து, பயன்தரும் முனைப்பு, மேடையைத் தன்வயப்படுத்தும் திறம், தற்காப்பு ஆகிய நான்கையும் நோக்க வேண்டும் என்பது மரபு. இந்நான்கில் எதற்கு எத்துணை எடை என்பது வரையறுக்கப்படவில்லை. முன்னேறித் தாக்குவோனை ஒருவர் மெச்சுவார். பின்வாங்கி நயமாக அடிப்போனை மற்றொருவர் மெச்சுவார். இருவரும் நேர்மையாளராயிருந்தும் தாள்கள் மாறுபடும்.

இனி, காணுமிடத்தாலும் வேறுபாடு நேரும். 1999ஆம் ஆண்டு மார்ச்சு 13ஆம் நாள் நியூயார்க்கு நகரில் லெனாக்ஸ் லூயிஸ், இவாண்டர் ஹோலிபீல்டு என்னும் பெருவீரர் இருவரும் பொருதனர். குத்துக்களை எண்ணியோர் லூயிஸ் 348 குத்துக்களும் ஹோலிபீல்டு 130 குத்துக்களும் பதித்தனர் என்றனர். தீர்ப்போ ஒருவர் தாளில் லூயிஸுக்கு 116-113. ஒருவர் தாளில் 115-115. மற்றொருவர் தாளில் ஹோலிபீல்டுக்கு 115-113. ஆகவே போட்டி சமமென அறிவிக்கப்பட்டது. ஐந்தாம் சுற்றில் லூயிஸ் எதிரியைக் கயிற்றோடு சேர்த்து அடித்ததை அரங்கமே கண்டிருந்தும், மூன்றாமவர் அச்சுற்றை ஹோலிபீல்டுக்கே அளித்தார். புகைப்படக்காரர் தம் பார்வையை மறைத்தனர் எனப் பின்னர் அவர் கூறினார். அவ்வாண்டு நவம்பரில் மீண்டும் பொருது லூயிஸ் வென்றார்.

கணக்கிடும் முறையாலே விளையும் வியப்பும் ஒன்றுண்டு. 2021ஆம் ஆண்டு டோக்கியோ ஒலிம்பிக்கில் நம் நாட்டு மேரி கோம் கொலம்பியாவின் இங்க்ரித் வலென்சியாவோடு மூன்று சுற்றுப் பொருதார். முதற் சுற்றில் ஐவருள் நால்வர் வலென்சியாவையும், இரண்டாம் மூன்றாம் சுற்றுக்களில் மும்மூவர் மேரி கோமையும் மேம்பட்டவராகக் குறித்தனர். இரு சுற்றுக்களில் வென்றவர் எங்ஙனம் தோற்பார் என்று நாடெங்கும் வினவினர். விடை எளிது. சுற்றுக்குச் சுற்றுப் பெரும்பான்மை எண்ணப்படுவதில்லை. ஒவ்வொரு தீர்ப்பாளர் தாளும் தனித்தனியே கூட்டப்படும். அங்ஙனம் கூட்டியவிடத்து மூவர் தாள் வலென்சியாவுக்கும் இருவர் தாள் மேரி கோமுக்கும் அமைந்தன. கணக்கு விதிப்படியே அமைந்தது; ஆயினும் வென்றதாகவே எண்ணியிருந்த வீராங்கனைக்கு அக்கணக்கு எவ்வாறு ஆறுதலாகும்?

இதனினும் கசப்பானது சரிதா தேவியின் வழக்கு. 2014ஆம் ஆண்டு இஞ்சியோன் ஆசிய விளையாட்டில், 60 கிலோ எடைப் பிரிவின் அரையிறுதியில், தென்கொரியாவின் பார்க் ஜி-நாவை இவர் நன்கு அடித்தார் என்றே கண்டோர் பலர் கூறினர். தீர்ப்பு 0-3 எனக் கொரியர்க்கே போயிற்று. முறையீடும் ஏற்கப்படவில்லை. மறுநாள் பரிசளிப்பு மேடையில் சரிதா கண்ணீர் வடித்து, தம் வெண்கலப் பதக்கத்தைப் பார்க்கின் கழுத்திலேயே அணிவித்தார். இதன்பொருட்டு அவர்க்கு ஓராண்டுத் தடையும் 1,000 சுவிஸ் பிராங்கு தண்டமும் விதிக்கப்பட்டன. அவர் செயல் மேடை மரபிற்குப் பொருந்தாதெனினும், முறையீட்டின் வாயிலை அடைத்துவிட்டு அழுதவரைத் தண்டிப்பது எவ்வகை நடுவுநிலை என்று வினவாதிருக்க இயலவில்லை. அவரே 2017ஆம் ஆண்டு இம்பாலில் தொழின்முறை மேடையேறி வென்றார்.

பொறி வைத்தாற் பிழை நீங்கும் என்று கருதியோரும் உண்டு. 1988ஆம் ஆண்டு சியோலில் அமெரிக்கராகிய ராய் ஜோன்ஸ் 86 குத்துக்கள் பதித்தும், 32 பதித்த பார்க் சி-ஹனிடம் 3-2 எனத் தோற்றதாகத் தீர்ப்பாயிற்று. அந்த இழுக்குக்குப் பின் பொத்தான் அழுத்தும் முறை வந்தது. தீர்ப்பாளர் ஐவருள் மூவர் ஏறத்தாழ ஒரே நொடியில் அழுத்தினாலன்றிக் குத்து எண்ணப்படாது. விரைந்து தொடுத்த குத்துக்கள் பல எண்ணாமற் போயின; வீரரும் ஒற்றைக் குத்தைத் தொட்டுவிட்டு ஓடும் ஆட்டத்தைக் கற்றனர். 2013இல் அம்முறையைக் கைவிட்டுப் பத்துப் புள்ளி முறைக்கே திரும்பினர். சரிதா தோற்றது அதற்கு அடுத்த ஆண்டு.

தொழின்முறைப் போட்டியிலோ பொருளும் குறுக்கிடுகின்றது. தீர்ப்பாளரை அரசு சார்ந்த ஆணையம் அமர்த்தினும், அவர்க்குரிய ஊதியம் போட்டி நடத்துவோன் பையிலிருந்தே வருவது பலவிடத்தும் வழக்கம். பெயர்பெற்ற வீரன் வென்றால் அவனுக்கு அடுத்த போட்டியிலும் பெரும்பொருள் உண்டு. எனவே தீர்ப்பு எப்பக்கம் சாய்ந்தாலும் மக்கள் ஐயுறுகின்றனர். ஐயத்திற்குச் சான்று வேண்டுவதில்லை போலும்! 2012ஆம் ஆண்டு லாஸ் வேகாஸில் பிலிப்பைன்சு வீரர் பாக்கியாவோ, திமொதி பிராட்லியிடம் தோற்றதாக இருவர் எழுதினர். பின்னர் உலகக் குத்துச்சண்டை அமைப்பு ஐவரை அமர்த்தி ஒளிப்படத்தை ஆராய்வித்தது. ஐவரும் பாக்கியாவோவே வென்றார் என்றனர். ஆயினும் முடிவு மாறவில்லை.

புள்ளியாற் போவது பட்டமும் பொருளும். நடுவர் பிழைப்பின் போவது உயிர். 1962ஆம் ஆண்டு மார்ச்சு 24ஆம் நாள், பென்னி பாரெட் என்பவரை மூலையிற் சாய்த்து எமில் கிரிபித் அடித்தபோது, நடுவர் ரூபி கோல்ட்ஸ்டீன் சற்றே தாழ்த்தார். நினைவிழந்த பாரெட் ஏப்ரல் 3ஆம் நாள் இறந்தார். மாறாக, 1990ஆம் ஆண்டு மார்ச்சு 17ஆம் நாள் மெல்ட்ரிக் டெய்லர் என்பார் மூவருள் இருவர் தாளில் முந்தியிருந்து, பன்னிரண்டாம் சுற்றின் முடிவில் சாவேசின் குத்தால் வீழ்ந்து எழுந்தார். நலமோ என நடுவர் ரிச்சர்டு ஸ்டீல் இருமுறை வினவினார். விடை வரவில்லை. அவர் போட்டியை நிறுத்தினார். நிறுத்தியபோது எஞ்சியிருந்தது இரண்டு நொடி. அவ்விரண்டு நொடியைப் பொறுத்திருந்தால் டெய்லர் வென்றிருப்பார் என்போரும், முகவெலும்பு முறிந்து குருதி விழுங்கி நின்றவனுக்கு இன்னும் ஒரு குத்தை யார் பொறுப்பேற்று அனுமதிப்பது என்போரும் இன்றுவரை ஓய்ந்தபாடில்லை. நடுவர் கடிகாரத்தை நோக்குதல் தம் கடமையன்று என்பதே ஸ்டீல் கூறிய விடை.