சாக்கடைப் பாசியும் ஆகாய விமானமும்

ஹெப்பாள் தொழிற்பேட்டைப் பக்கம் வியாபாரம் செய்பவன் நான். சாக்கடை கலந்த காலத்தில் இங்குள்ள ஏரி பச்சைப் பசேலென்று கிடக்கும். நாற்றம் குடலைப் பிடுங்கும். பிறகு இன்ஃபோசிஸ் அறக்கட்டளை ஏரியைச் சீரமைத்தது, சுத்திகரிப்பு நிலையமும் வந்தது. "ஐயா, அந்தப் பாசியிலே விமான எண்ணெய் எடுக்கலாமாமே?" என்று கடைக்கு வந்த தம்பி ஒருவர் கேட்டார். படித்தறிந்ததை அன்பர்கள் முன் வைக்கிறேன்.

எடுக்கலாம். 2009 ஜனவரியில் ஹூஸ்டனில் பாசி எண்ணெயும் காட்டாமணக்கு எண்ணெயும் கலந்த எரிபொருளில் ஒரு போயிங் 737 பறந்து காட்டியது. பாசிக்கு வேண்டியவை வெயில், கரியமிலவாயு, தழைச்சத்து, மணிச்சத்து. பின்னிரண்டும் சாக்கடையில் தாராளம். ஏரியில் விழுந்தால் அவை விஷம். பாசிக் குளத்தில் தீனி. ஊருக்குக் கிடைக்கும் முதல் லாபம் இதுதான்.

இனி வியாபாரி கணக்கு. பத்து லட்சம் லிட்டர் சாக்கடையில் சுமார் 40 கிலோ தழைச்சத்து இருக்கும். அதைத் தின்று ஏறக்குறைய 500 கிலோ உலர்பாசி வளரலாம். அதில் எண்ணெய் 100 கிலோ. விமானத்துக்குத் தேறுவது பாதி என்று வையுங்கள். ஒரு 737 ஒரு மணி நேரம் பறக்க 2,500 கிலோ வேண்டும். ஆக, ஒரு மணிப் பயணத்துக்கு ஐந்து கோடி லிட்டர் சாக்கடை!

நஷ்டப் பக்கமும் உண்டு. குளம் ஓரடி ஆழம்தான் இருக்கலாம். ஆழமானால் அடியில் வெயில் எட்டாது. தண்ணீர் பத்து நாள் தங்க எட்டு ஏக்கர் பிடிக்கும். தினம் 5 மில்லிமீட்டர் ஆவியானாலும் ஒன்றரை லட்சம் லிட்டருக்கு மேல் வானத்துக்குப் போய்விடும். அந்த அளவு நீர் கீழேயுள்ள ஏரிக்கும் கிணறுகளுக்கும் குறையும். பாசியைப் பிரித்து உலர்த்தவும் மின்சாரம் வேண்டும். எக்ஸான்மொபில் 2009-ல் தொடங்கிய பாசி ஆராய்ச்சியை 2023-ல் கைவிட்டது.

எல்லாவற்றிலும் பெரிய விஷயம், முலாம் பட்டறைக் கழிவு கலந்தால் குரோமியத்தையும் நிக்கலையும் பாசி உறிஞ்சிக்கொள்ளும். அப்புறம் அந்தப் புண்ணாக்கை மாட்டுக்கும் போட முடியாது, வயலுக்கும் போட முடியாது. ஆகவே ஆலைக் கழிவை முதலில் தனியே பிரிக்க வேண்டும்.

பாசியும் ஓரறிவுயிர் என்று கேட்டு வளர்ந்த குடும்பம் எங்களுடையது. அதை வளர்த்து அழிப்பதென்றால் தக்க காரணம் இருக்க வேண்டும். ஏரி தெளிவது அப்படிப்பட்ட காரணம். விமானம் பறப்பது மேல்வரும்படிதான். தம்பியிடமும் இதைத்தான் சொன்னேன்: எண்ணெயை எண்ணிக் குளம் வெட்டாதே, தண்ணீரை எண்ணி வெட்டு.