மடியின் உயிரணுவில் உதித்த டாலி

ஸ்காட்லாந்தின் தலைநகராகிய எடின்பரோவுக்குத் தெற்கே அமைந்துள்ள ரோஸ்லின் ஆராய்ச்சி நிலையத்தில், 1996ஆம் ஆண்டு ஜூலை மாதம் 5ஆம் தேதி ஓர் ஆட்டுக்குட்டி பிறந்தது. அதைச் சுமந்து ஈன்ற ஆடு, முகம் கறுத்த ஸ்காட்லாந்து மலையினத்தைச் சேர்ந்தது. குட்டியின் முகமோ மாசற்ற வெண்மை. வேறோர் இனத்து ஆட்டின் மடியிலிருந்து எடுத்த ஓர் உயிரணு, கிடாவின் துணையேதுமின்றி, முழு ஆடாக வடிவெடுத்துவிட்டது என்பதற்கு அந்த வெண்முகமே கண்கண்ட சாட்சியாயிற்று.

இதில் வியப்பதற்கு என்ன இருக்கிறது என்று கேட்பவர், உடலின் ரகசியம் ஒன்றை முதலில் அறிந்துகொள்ள வேண்டும். கருவானது ஆதியில் ஒரே ஓர் உயிரணுதான். அது பிளந்து பெருகி, சில தோலாகவும் சில எலும்பாகவும் சில மூளையாகவும் மாறுகையில், ஒவ்வோர் உயிரணுவும் அந்த ஜீவனின் பரம்பரைச் செய்தி முழுவதையும் தன்னகத்தே வைத்திருந்தும், தன் தொழிலுக்கு வேண்டிய பகுதியை மட்டுமே எடுத்தாளுகிறது. பெரியதோர் ஏட்டுச்சுவடியில் தனக்குரிய சில ஏடுகளை மட்டும் பிரித்து வாசித்துக்கொண்டு, ஏனையவற்றைக் கயிறிட்டு இறுக முடிந்துவைப்பது போன்றது அது. அந்த முடிச்சை மீண்டும் அவிழ்க்கக் கூடுமா என்பதே விஞ்ஞானிகளின் நெடுநாளைய வினா. தவளையின் விஷயத்தில் கூடும் என்று ஜான் கர்டன் என்னும் ஆங்கிலேயர் ஆக்ஸ்போர்டில் முன்னரே காட்டியிருந்தார். தலைப்பிரட்டையின் குடலிலிருந்து எடுத்த உட்கருவைத் தவளை முட்டையினுள் வைத்து அவர் தவளைகளை வளர்த்தெடுத்தார். ஐம்பது ஆண்டுகள் கழித்து, 2012ல், நோபெல் பரிசு அவரைத் தேடி வந்தது. எனினும், முழு வளர்ச்சியடைந்த பாலூட்டியின் சரீரத்திலிருந்து எடுத்த உயிரணு அவ்வாறு ஆதிநிலைக்குத் திரும்பாது என்பதே பலருடைய துணிபாக இருந்தது.

ரோஸ்லினில் இயன் வில்மட்டும் கீத் கேம்பெலும் செய்த காரியம் இதுதான். ஆறு வயதுடைய ஃபின் டார்செட் இனப் பெண்ணாட்டின் மடித் திசுவிலிருந்து உயிரணுக்களைப் பிரித்தெடுத்து வளர்த்தார்கள். பின்னர் ஊட்டத்தைக் குறைத்து அவற்றைப் பட்டினி போட்டார்கள். பட்டினி கிடந்த உயிரணு பிளந்து பெருகும் வேலையை நிறுத்தி அடங்கிவிடும் என்பதும், அடங்கிய நிலையிலேதான் அது முட்டையின் ஆளுகைக்கு எளிதில் உட்படும் என்பதும் கேம்பெலின் கருத்து. முழுப் பரிசோதனைக்கும் திறவுகோல் அதுவே என்பது என் அபிப்பிராயம். மறுபுறம், மலையின ஆட்டின் கருமுட்டையிலிருந்து அதன் குரோமோசோம்களை நுண்ணிய கண்ணாடிக் குழலால் உறிஞ்சியெடுத்து, அந்த வெற்று முட்டையோடு மடியின் உயிரணுவை ஒட்டவைத்து, சிறிதளவு மின்சாரத்தைச் செலுத்தினார்கள். மின்சாரம் இரண்டையும் இணைத்தது. அத்துடன், முட்டைக்குக் கருவுற்றது போன்ற தூண்டுதலையும் தந்தது. அதற்குமேல் நடந்த காரியம் மனிதக் கையால் ஆனதன்று. முட்டைக்குள் இருந்த ஏதேதோ பொருள்கள், மடிக்கென்றே அமைந்த உட்கருவைத் தம் வசப்படுத்தி, அதன் பழைய முடிச்சுகளை அவிழ்த்துவிட்டன.

இவ்விதம் இணைத்தவை 277. அவற்றுள் கருவாகத் தேறியவை 29. அவற்றைச் சுமந்த ஆடுகள் 13. பிறந்த குட்டி ஒன்றே ஒன்று. மடியிலிருந்து வந்த குட்டி என்பதனால், ஆடு மேய்ப்போர் அதற்கு அமெரிக்கப் பாடகி டாலி பார்ட்டனின் பெயரைச் சூட்டினார்கள். பொருத்தத்தை ஊகித்துக்கொள்ளும் பொறுப்பை வாசகருக்கே விட்டுவிடுகிறேன். 1997 பிப்ரவரியில் செய்தி வெளியானபோது, இனி மனிதனையும் அச்சடிப்பார்கள் என்ற பீதி உலகமெங்கும் பரவிற்று. டாலியோ வழக்கமான முறையில் ஆறு குட்டிகளை ஈன்று, நுரையீரலில் வைரஸ் உண்டாக்கும் ஒருவகைக் கட்டியினால் அவதியுற்றதால், 2003 பிப்ரவரியில் கருணைக் கொலைக்கு உள்ளாயிற்று. படியெடுத்த பிராணி விரைவில் மூப்படையும் என்று அக்காலத்தில் பலர் ஐயுற்றனர். ஆனால் அதே மடியணு வரிசையிலிருந்து பின்னர் பிறந்த நான்கு ஆடுகள் முதிய பிராயத்திலும் நலமாகவே இருந்தன என்று நாட்டிங்ஹாம் ஆராய்ச்சியாளர் 2016ல் தெரிவித்தார்கள்.

டாலிக்குப் பின் எலி, பசு, பன்றி, குதிரை, ஒட்டகம் என்று வரிசை நீண்டது. நம் நாட்டிலும் ஹரியானாவிலுள்ள கர்னால் தேசியப் பால்வள ஆராய்ச்சி நிலையத்தார், விலையுயர்ந்த நுண்கருவியின்றிக் கையாலேயே செய்யும் எளிய முறையொன்றைக் கைக்கொண்டு, 2009ல் எருமைக் கன்றுகளைப் பிறப்பித்தார்கள். நாய்தான் எல்லாரையும் தவிக்கவிட்டது: தென்கொரியாவில் 123 நாய்களின் கருப்பையில் ஆயிரத்துக்கு மேற்பட்ட கருக்களை வைத்த பிறகே, 2005ல் ஸ்னப்பி என்னும் குட்டி தங்கிற்று.

ஆனால் இந்த வரிசையில் என்னை அதிகம் சிந்திக்க வைப்பது, 2001 டிசம்பரில் அமெரிக்காவின் டெக்ஸஸ் மாநிலத்தில் பிறந்த சி.சி. என்னும் பூனைதான். அதற்கு உயிரணு தந்த ரெயின்போ, கறுப்பும் செம்பழுப்பும் வெள்ளையும் கலந்த மூவண்ணப் பூனை, சி.சி.யின் உடலிலோ செம்பழுப்பு மருந்துக்கும் இல்லை. பெண் பூனையின் ஒவ்வோர் உயிரணுவிலும் இரண்டு எக்ஸ் குரோமோசோம்கள் உண்டு. அவற்றில் ஒன்று வளர்ச்சியின் தொடக்கத்திலேயே வேலையை நிறுத்திக்கொள்ளும். செம்பழுப்புக்குரிய மரபணு எக்ஸிலேயே இருப்பதால், எங்கே எது அடங்குகிறதோ அதற்கேற்ப நிறமும் மாறும். சி.சி.க்கு மூலமான உயிரணுவில் செம்பழுப்பைத் தாங்கிய எக்ஸ் அடங்கியிருந்தது. முட்டை மற்றெல்லா முடிச்சையும் அவிழ்த்தும், அந்த ஒன்றை அவிழ்க்கவில்லை. வெள்ளைத் திட்டுகளின் அமைப்போ கருப்பையினுள் நிறவணுக்கள் பரவிச்செல்லும் போக்கைப் பொறுத்தது. ஆகவே, இறந்துபோன செல்லப் பிராணியை அப்படியே மீட்டுத் தருவதாகக் கூறிப் பெருந்தொகை பெறும் வியாபாரத்தை நான் நம்பத் தயாரில்லை.

ஒற்றுமைக்காக அன்றி வேற்றுமைக்காகவே படியெடுத்த விந்தையும் உண்டு. வட அமெரிக்கப் புல்வெளிகளில் வாழும் கருங்கால் ஃபெரட் என்னும் நீண்டு மெலிந்த வேட்டைப் பிராணி, அழிந்துபோயிற்று என்று கருதப்பட்ட நிலையில், 1981ல் வயோமிங் மாநிலத்தில் மீண்டும் தென்பட்டது. இன்று உயிரோடிருப்பவை ஏறக்குறைய யாவும் ஏழே பிராணிகளின் சந்ததி. இரத்த உறவு நெருங்கியிருப்பதால் நோய்க்கு எளிதில் இரையாகும் ஆபத்து அவற்றுக்கு உண்டு. அந்த ஏழில் சேராமலே இறந்த வில்லா என்னும் பெண் ஃபெரட்டின் உயிரணுக்கள் 1988 முதல் குளிரில் உறைந்து கிடந்தன. அவற்றிலிருந்து 2020 டிசம்பரில் எலிசபெத் ஆன் பிறந்தது. கருப்பைக் கோளாற்றினால் அதற்குச் சந்ததி வாய்க்கவில்லை. அதே உயிரணுக்களிலிருந்து பின்னர் பிறந்த அன்டோனியா, வர்ஜீனியாவிலுள்ள ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் விலங்கு மையத்தில் 2024ல் மூன்று குட்டிகளை ஈன்றது. ஒன்று இறந்துபோக, எஞ்சியவை ஓர் ஆணும் ஒரு பெண்ணும். வில்லாவின் வம்சம் அவ்விரண்டின் வழியே, முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேற்பட்ட இடைவெளிக்குப் பின், தன் இனத்தோடு மீண்டும் கலந்திருக்கிறது.