வெள்ள வரைபடத்தில் நம் காலனி எங்கே?

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையைத் தூத்துக்குடி மாவட்டம் எளிதில் மறக்காது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியது. மாவட்டம் ஓராண்டு முழுவதும் பெறும் சராசரி மழையைவிட இது அதிகம். கோரம்பள்ளம் குளம் உடைந்து, வெள்ளம் மாநகருக்குள் புகுந்தது.

தண்ணீர் சாதி பார்ப்பதில்லை என்பார்கள். ஆனால், யார் மேட்டில் வீடு கட்டலாம், யார் பள்ளத்தில் குடியிருக்க வேண்டும் என்பதைப் பல ஊர்களில் சாதிதான் முடிவு செய்தது. மெயின் ரோட்டில் வெள்ளம் வடிந்த பிறகும் காலனிகளில் முழங்கால் தண்ணீர் நிற்பது அதனால்தான்.

வெள்ளத்தை முன்கூட்டியே கணக்கிட இன்று கணினி மாதிரிகள் வந்துவிட்டன. 2015 வெள்ளத்துக்குப் பிறகு சென்னைக்கு இப்படியொரு மாதிரி உருவாக்கப்பட்டது. மழையளவு, தரைமட்டம், கால்வாயின் அகலம், கடல்மட்டம் ஆகியவற்றைக் கொடுத்தால், எந்தப் பகுதியில் எவ்வளவு தண்ணீர் நிற்கும் என்று கணினி சொல்லும். தூத்துக்குடி போன்ற சமதளக் கடற்கரை நகருக்கு இது மிகவும் தேவை. பக்கிள் ஓடையும் உப்பாற்று ஓடையும் கடலில்தான் போய்ச் சேருகின்றன. கடல்மட்டம் உயர்ந்திருக்கும் நேரத்தில் ஓடை நீர் வடியத் தாமதமாகும்.

ஆனால், கணினிக்கு நாம் கொடுக்கும் தகவல்தான் எல்லாம். இலவசமாகக் கிடைக்கும் செயற்கைக்கோள் உயர வரைபடங்கள் 30 மீட்டர் கட்டங்களாகத் தரையைப் பார்க்கின்றன. உயரக் கணக்கில் சில மீட்டர் பிழையும் வரும். சாலையைவிட இரண்டடி தாழ்ந்து கிடக்கும் ஒரு சந்து அதில் தெரியாது. சாலை மேல் சாலை போட்டதால் பள்ளமான தெருக்களும் தெரியாது. பழைய சாலையைச் சுரண்டி எடுத்த பிறகே புதிய சாலை போட வேண்டும் என்று 2021-ல் அன்றைய தலைமைச் செயலாளர் இறையன்பு அறிவுறுத்தியது இதற்காகத்தான். எனவே, காலனித் தெருக்களின் மட்டத்தை நேரில் அளந்தே ஆக வேண்டும்.

அடுத்தது அடைப்பு. வடிகால் சுத்தமாக இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டால், விடை தப்பாகத்தான் வரும். எந்தப் பாலத்தடியில் குப்பை சேரும், எந்த வாய்க்கால் எதிர்த்துக்கொண்டு வரும் என்பது தூய்மைப் பணியாளர்களுக்குத் தெரியும். வெள்ளம் வடிந்ததும் சேற்றை அள்ள அவர்களை அழைக்கிறோம். வரைபடம் தயாரிக்கும்போதும் அவர்களை அழைத்து, அந்த வேலைக்குரிய சம்பளத்தோடு கேட்க வேண்டும்.

மூன்றாவது, ஓர் எச்சரிக்கை. வரைபடத்தில் 'வெள்ள அபாயப் பகுதி' என்று குறிக்கப்பட்டால், அதுவே குடியிருப்பைக் காலி செய்யும் ஆணையாகிவிடக் கூடாது. சென்னையில் ஆற்றங்கரையிலிருந்து அகற்றப்பட்ட குடும்பங்கள் பெரும்பாக்கத்துக்கு அனுப்பப்பட்டன. பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தை ஒட்டிய அந்தப் பகுதியும் மழைக்கு மூழ்குகிறது. வேலையும் பள்ளியும் தூரமானதுதான் மிச்சம். அபாயப் பகுதி என்று தெரிந்தால், முதலில் வர வேண்டியது வடிகாலும் மோட்டாரும் படகும்தான்.

மாநகராட்சியில் பகுதி சபை கூடும்போது நாம் கேட்க வேண்டியவை மூன்று: எங்கள் தெருவின் மட்டத்தை அளந்தீர்களா? அந்த வரைபடத்தைத் தமிழில், எங்கள் தெருவிலேயே ஒட்டுவீர்களா? தண்ணீர் வரும் முன் எங்களுக்கு யார் வந்து சொல்வார்கள்? பதிலைத் தீர்மானமாக எழுதி வாங்குவோம். அடுத்த வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே வாங்குவோம்.