தலையில் ஒரு நடவு

சென்ற சித்திரையில் நம்முடைய பழைய சக உபாத்தியாயர் ஒருவர் பாபநாசத்திலிருந்து தஞ்சைக்கு வந்திருந்தார். வயது 62, ஓய்வு பெற்றவர். காபி சாப்பிட்டானதும் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "தலையில் மயிர் நட்டுக்கொள்ளலாமென்று பார்க்கிறேன். உம்முடைய அபிப்பிராயம் என்ன?" என்று கேட்டார்.

நாம் சிரித்துவிட்டோம். அவர் சிரிக்கவில்லை.

"முப்பது வருஷமாய்ப் பிள்ளைகள் வைத்த பெயரைக் கேட்டாகிவிட்டது, ஸார். அப்போதெல்லாம் மூன்று பெண்களின் கலியாணம் பாக்கி இருந்தது. இப்போதுதான் என் காசு என் கையில் இருக்கிறது" என்றார்.

சிரித்ததற்காக வெட்கப்பட்டோம். அந்த வெட்கத்தினால்தான் விஷயத்தைத் தீர விசாரிக்கத் தொடங்கினோம்.

இந்தச் சிகிச்சை நேற்று முளைத்ததன்று. 1939-லேயே ஜப்பானில் ஒகுடா என்னும் வைத்தியர், தழும்பேறி மயிரற்றுப் போன இடங்களில் மயிர் வேரை நட்டு வளர்த்துக் காட்டினார். யுத்த இரைச்சலில் உலகம் அதைக் கவனிக்கவில்லை. 1952-ல் நியூயார்க்கில் நார்மன் ஓரன்ட்ரைக் என்பவர் வழுக்கைக்கு இம்முறையைக் கையாண்டார். பிடரியிலும் காதோரத்திலும் உள்ள மயிருக்கு எளிதில் உதிராத சுபாவம் உண்டு. உச்சியில் நட்டாலும் அச்சுபாவம் மாறுவதில்லை.

காவேரிக் கரையில் பிறந்தவர்களுக்கு இதை விளக்கவும் வேண்டுமா? பிடரி நாற்றங்கால்; உச்சி வயல். நாற்றுக் கட்டையுங்கூட நாம் முடி என்றுதானே சொல்கிறோம்! ஆனால் ஒரு பேதம். விதை நெல் இருந்தால் அடுத்த வருஷமும் நாற்று விடலாம். பிடரியில் பறித்த வேர் பறித்ததுதான். அவ்விடத்தில் மறுபடி முளைக்காது. தலையில் இருப்பது சுமார் 1,00,000 மயிர். பெயர்க்கக்கூடிய வேர்த் தொகுதிகளோ சாதாரணமாய் 6,000-க்கு மேல் தேறுவதில்லை. ஒரு தொகுதியில் 1 முதல் 4 மயிர்கள். இருக்கிற நாற்றுக்கு எத்தனை மா நடலாம் என்று கணக்குப் பார்ப்பவனே நல்ல வைத்தியன்.

இதில் முதுமைக்கு ஓர் அனுகூலமும் இருக்கிறது. 22 வயதுப் பையன் முன்நெற்றியில் நட்டுக்கொண்டால், பின்னாலுள்ள சொந்த மயிர் உதிர்ந்து, நட்டது மட்டும் தீவுபோல் நிற்கக்கூடும். அறுபதில் வழுக்கையின் எல்லை பெரும்பாலும் தெரிந்துவிடுகிறது.

பிரதிகூலம் வேறிடத்தில். நம் நண்பருக்குச் சர்க்கரை வியாதி. இருதயத்துக்காக இரத்தம் உறையாதிருக்க மாத்திரையும் சாப்பிடுகிறார். மாத்திரையோடு போனால் இரத்தக் கசிவு அதிகமாகலாம். தாமாகவே நிறுத்தினால் இருதயத்துக்கே ஆபத்து. இருதய வைத்தியரைக் கேளாமல் ஓர் அடியும் எடுத்து வைக்கக் கூடாதென்று கண்டிப்பாகச் சொன்னோம். மரத்துப்போக ஊசி போட்டு, பல மணி நேரம் அசையாமல் கிடக்க வேண்டிய காரியம் இது. நட்ட மயிர் சில வாரங்களில் உதிர்ந்து, மூன்று நாலு மாதத்தில் முளைத்து, பூரண பலன் தெரிய ஏறக்குறைய ஒரு வருஷமாகும்.

எல்லாவற்றையும்விட முக்கியம், கத்தி யார் கையில் இருக்கிறது என்பது. 2016-ல் சென்னையில் வைத்தியம் பயின்றுகொண்டிருந்த வாலிபர் ஒருவரே இச்சிகிச்சைக்குப் பின் உயிரிழந்தார். 2022-ல் தேசிய மருத்துவ ஆணையம் வெளியிட்ட விதிகளில், யூடியூபிலும் பயிலரங்குகளிலும் பார்த்தறிவது போதிய பயிற்சியாகாதென்று எழுத நேர்ந்தது. இதை எழுதி வைக்கவும் ஒரு நாட்டுக்குத் தேவை ஏற்பட்டதே!

போன வாரம் நண்பர் மறுபடி வந்தார். இருதய வைத்தியரைப் பார்த்தாயிற்றாம். இரண்டு மாதம் சர்க்கரையைக் கட்டுப்படுத்திவிட்டு வரச் சொல்லியிருக்கிறாராம். சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்துக் காட்டினார். அவருடைய முத்தான கையெழுத்தில் கேள்விகள்: வேரை எடுப்பது வைத்தியரா, வேலையாளா? அவருடைய பதிவு எண் என்ன? மூர்ச்சை வந்தால் பக்கத்தில் எந்த ஆஸ்பத்திரி?

"முதல் கேள்விக்கே மழுப்பினால் எழுந்து வந்துவிடுவேன், ஸார். சென்னைக்குப் போகவர இரண்டு டிக்கெட்டும் சேர்த்தே வாங்கப் போகிறேன்" என்றார்.