மரப்பட்டையில் ஓர் அம்பறாத்தூணி

ஒரகடம் என்றதும் இந்நாளில் மோட்டார்த் தொழிற்சாலைகளே எவருக்கும் நினைவுக்கு வரும். அவற்றுக்கு அருகேயுள்ள நம் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் ஏகலைவன் நாடகம் நடிக்கத் தீர்மானித்தார்கள். வேடர் குமாரனுக்கு ஜரிகைக் காகிதம் ஒட்டிய அம்பறாத்தூணி பொருந்துமா? "மரப்பட்டையிலே செய்யுங்கள்" என்று யோசனை சொன்னவர்கள் நாமே. பட்டையை எப்படி எடுப்பது என்று சொல்லாமல் விட்டவர்களும் நாமே.

மறுநாள் பார்த்தால், முற்றத்துப் பூவரசங் கன்றில் ஒரு முழ உயரத்துக்குச் சுற்றிலும் பட்டை உரிக்கப்பட்டிருந்தது. நாடகம் அவ்வாண்டு நின்றது. அடுத்த ஆண்டுக்குள் கன்றும் பட்டுப்போயிற்று.

பட்டை மரத்துக்கு வெறும் மேற்சட்டை அன்று. இலைகள் சமைக்கும் உணவு வேருக்கு இறங்கும் வழி உட்பட்டையில்தான் இருக்கிறது. அதைச் சுற்றிலும் அறுத்துவிட்டால், நீர் மேலே ஏறினாலும் வேர் பட்டினியால் மடிந்துவிடும்.

காட்டை நம்பி வாழ்ந்தவர்கள் அடிமரத்தைத் தொடாமலே காரியத்தை முடித்தார்கள். மேற்குத் தொடர்ச்சி மலையில் மரவுரி மரம் உண்டு. வேண்டிய பருமனுள்ள கிளையை வெட்டி நனைத்து, தடியால் சுற்றிலும் அடித்துப் பட்டையைத் தளர்த்துவார்கள். பிறகு உட்புறம் வெளியே வரும்படி அதைத் திருப்பி இழுத்து, அடியில் ஒரு வட்டு மரம் மட்டும் நிற்குமாறு அறுப்பார்கள். தையலே இல்லாத பை ஆயிற்று! ஆப்பிரிக்காவின் தென்கோடியிலோ, சான் மக்கள் கற்றாழை இனத்து மரமொன்றின் கிளையைக் குடைந்து அம்பறாத்தூணியே செய்தார்கள். 1685-இல் அங்கு யாத்திரை சென்ற டச்சு அதிகாரி ஸைமன் வான் டெர் ஸ்டெல் இதைக் குறித்து வைத்திருக்கிறார். தூணி மரம் என்பதே அதன் பெயராக நிலைத்துவிட்டது.

மறு ஆண்டு மழைக்காலத்தில் காற்றில் முறிந்து விழுந்த பூவரசங் கிளை ஒன்று நமக்குக் கிடைத்தது. ஈரம் காயுமுன் நீளவாக்கில் ஒரே கீறலாகக் கீறி, மர ஆப்பினால் மெல்ல நெம்பிப் பட்டையை முழுசாக எடுத்தோம். மூங்கில் குழாயின்மேல் சுற்றிக் கட்டி, நிழலில் உலர்த்தினோம். வெயிலில் வைத்தால் வெடித்துவிடும். காய்ந்தபின் ஓரங்களைப் பனைநாரால் தைத்து, அடியில் மரவட்டைப் பொருத்தித் தோள்வார் கட்டினோம். செலவு ஒரு காசும் இல்லை.

ஏகலைவன் அதைத் தோளில் மாட்டி மேடையேறினான். பட்டுப்போன கன்றின் இடத்தில் இப்போது வேறொரு பூவரசு தளிர்க்கிறது. தினமும் அதற்கு நீர் வார்ப்பவன், அன்று கத்தி பிடித்த பிள்ளைதான். கைத்தொழிலைக் கற்பிக்க வருவோர் கத்தியைக் கொடுக்குமுன் மரத்தைப் பற்றிச் சொல்லிக் கொடுக்க வேண்டும். இது நாம் கற்ற பாடம்.